வெல்லும் குதிரையைக் கணித்தல்: ஒரு வரலாறு

குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை முதலில் வரும் என்பதை ஓட்டம் தொடங்கும் முன்பே சொல்ல முயல்வது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக ஒரு கலையாகவும், ஒரு தொழிலாகவும், பலருக்குத் தீராத பழக்கமாகவும் இருந்து வருகிறது. அது கற்றுக்கொள்ளக்கூடிய திறமையா, அல்லது வெறும் அதிர்ஷ்டமா என்ற கேள்வி பந்தயத் திடலோடு நிற்கவில்லை. நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சென்னைக் கிண்டிப் பந்தயத்தைப் பற்றிய வழக்கில், 1996-ஆம் ஆண்டு, அது திறமையே என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் பந்தயத்தில் பணம் கட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் இழந்தே திரும்பினர் என்பதும் எல்லோரும் அறிந்ததே. இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது எப்படி? அதைப் புரிந்துகொள்ள, கணிப்புக் கலை வளர்ந்த வரலாற்றை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

பதிவேடுகளின் தொடக்கம்

இன்றைய குதிரைப் பந்தயத்தின் தாயகம் இங்கிலாந்து. பந்தயத்திற்கென்றே வளர்க்கப்படும் 'தரோபிரெட்' இனக் குதிரைகளின் தந்தைவழி, கிழக்கு நாடுகளிலிருந்து அங்கு கொண்டுவரப்பட்ட மூன்று ஆண் குதிரைகளில் சென்று முடிகிறது. பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்பவை அவற்றின் பெயர்கள்.

எதையும் கணிக்க வேண்டுமானால் பழைய கணக்கு கையில் இருக்க வேண்டும். ஜான் செனி என்பவர் 1727-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் நடந்த பந்தயங்களைத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிட்டார். பின்னர் ஜேம்ஸ் வெதர்பி 1773-இல் பந்தய நாட்காட்டியைத் தொடங்கினார். அவருடைய குடும்பத்தார் 1791-இல் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேட்டையும் கொண்டுவந்தனர். எந்தக் குதிரை எங்கே ஓடியது, எந்த இடத்தில் வந்தது, அதன் தாய் தந்தை யார் என்ற விவரங்கள் அச்சில் வந்த பிறகுதான் கணிப்பு என்பது ஊகத்திலிருந்து ஒரு படி மேலே ஏறியது.

அக்காலத்தின் புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1769-ஆம் ஆண்டு மே மாதம் எப்சம் நகரில் எக்ளிப்ஸ் என்ற குதிரை முதன்முறையாக ஓடியது. அன்றைய விதிப்படி, முதலில் வரும் குதிரைக்கு 240 கெஜத்துக்கும் மேல் பின்தங்கும் குதிரைகளுக்கு இடமே வழங்கப்படாது. எக்ளிப்ஸ் முதலில் வரும், மற்றவற்றுக்கு இடமே இராது என்று டென்னிஸ் ஓ'கெல்லி என்பவர் பந்தயம் கட்டி வென்றதாக வரலாறு கூறுகிறது. பிறகு அக்குதிரையை அவரே விலைக்கு வாங்கினார். ஓடிய 18 பந்தயங்களிலும் அது தோற்கவே இல்லை. ஓ'கெல்லி வென்றது கண்மூடித்தனமான துணிச்சலால் அன்று. மற்றவர் அறியுமுன் அவர் அக்குதிரையின் திறனை அறிந்துகொண்டதால்தான். இந்த 'மற்றவர் அறியுமுன்' என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரை முழுவதும் இது திரும்பத் திரும்ப வரும்.

எடை என்னும் எதிர்க்கலை

எக்ளிப்ஸ் போன்ற குதிரை ஓடினால் பந்தயத்தில் சுவை ஏது? முடிவு முன்பே தெரிந்துவிடும். இதற்கு மாற்றாக வளர்ந்ததுதான் 'ஹேண்டிகேப்' எனப்படும் எடைச்சுமை முறை. திறன் மிகுந்த குதிரை அதிக எடையையும், திறன் குறைந்தது குறைந்த எடையையும் சுமந்து ஓடும். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடுகளை வைத்து ஈடுசெய்வார்கள்.

இம்முறைக்கு ஒழுங்கான அடித்தளம் இட்டவர் இங்கிலாந்தின் கடற்படைத் தளபதி ஹென்றி ஜான் ரவுஸ். 1855-இல் அவர் எடை நிர்ணயிக்கும் பொது அலுவலராக நியமிக்கப்பட்டார். எந்த வயதுக் குதிரை, எந்த மாதத்தில், எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று அவர் வகுத்த அட்டவணையே, பிற்காலத் திருத்தங்களுடன், இன்றைய வயதுவாரி எடை அளவுகளுக்கு முன்னோடி.

எடை நிர்ணயிப்பவரின் இலட்சியம் எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைக் கடக்க வேண்டும் என்பது. அதாவது, கணிப்பவர் எதைக் கண்டுபிடிக்க முயல்கிறாரோ அதை இல்லாமல் செய்வதே அவர் வேலை. ஒரு குதிரை நன்றாக ஓடினால் அடுத்த முறை அதன் முதுகில் சுமை ஏறும். ஆகவே 'சென்ற வாரம் வென்றது, இந்த வாரமும் வெல்லும்' என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

இவற்றோடு ஏமாற்று வேலைகளும் இருந்தன. மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரிய டெர்பி பந்தயத்தில், 1844-இல், 'ரன்னிங் ரெய்ன்' என்ற பெயரில் முதலில் வந்தது உண்மையில் மக்கபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை. ஜார்ஜ் பென்டிங்க் பிரபு துப்புத் துலக்கி இதை வெளிக்கொணர்ந்தார். வழக்கு நீதிமன்றம் சென்று, வெற்றி ஆர்லாண்டோ என்ற குதிரைக்கு வழங்கப்பட்டது. பதிவேட்டைப் படித்துக் கணித்தவர்கள், பதிவேடே பொய்யாக இருந்தால் என்ன செய்ய முடியும்?

பணம் கைமாறும் முறை

கணிப்பு சரியா தவறா என்பது ஒரு கேள்வி. சரியாக இருந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பது வேறொரு கேள்வி. இதில் இரண்டு முறைகள் உள்ளன.

முதலாவது 'புக்கி' எனப்படும் பந்தய முகவர் முறை. ஒவ்வொரு குதிரைக்கும் அவர் ஒரு விகிதம் கூறுவார். எல்லா விகிதங்களையும் கூட்டிப் பார்த்தால் தமக்கு ஓரளவு இலாபம் மிஞ்சுமாறு அவர் அவற்றை அமைத்திருப்பார்.

இரண்டாவது பொதுத்தொகை முறை. இதை 1860-களில் பாரிஸ் நகரில் ஏற்படுத்தியவர் ஜோசப் ஓலர். பிற்காலத்தில் புகழ்பெற்ற 'மூலன் ரூஜ்' அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரும் இவரே. இம்முறையில் எல்லோரும் கட்டிய பணம் ஒன்றாகச் சேர்க்கப்படும். நடத்துபவரின் பங்கும் வரியும் கழிக்கப்பட்டு, மிச்சம் வென்ற குதிரையின்மேல் கட்டியவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். இந்தக் கணக்கை விரைந்து போடுவதற்கு ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியாளர் ஆஸ்திரேலியாவில் ஓர் இயந்திரத்தை வடிவமைத்தார். அது 1913-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள எல்லர்ஸ்லி பந்தயத் திடலில் நிறுவப்பட்டது. 'டோட்டலைசேட்டர்' என்ற அதன் பெயரே சுருங்கி 'டோட்' என வழங்குகிறது.

ஒரு மாதிரிக் கணக்கால் இதை விளக்கலாம். ஒரு பந்தயத்தில் மொத்தம் 1,00,000 ரூபாய் சேர்கிறது எனக் கொள்வோம். 20 விழுக்காடு கழிக்கப்பட்டால் மிச்சம் 80,000 ரூபாய். இதில் 'அ' என்ற குதிரையின்மேல் 40,000 ரூபாய் கட்டப்பட்டிருக்கிறது. அது வென்றால் ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் கிடைக்கும். 'ஆ' என்ற குதிரையின்மேல் 5,000 ரூபாய்தான் கட்டப்பட்டிருக்கிறது. அது வென்றால் ஒரு ரூபாய்க்கு 16 ரூபாய்.

மேல்நிலை வகுப்பில் நிகழ்தகவு படித்த மாணவர்கள் அடுத்த படியைத் தாமே போட்டுப் பார்க்கலாம். மொத்தத் தொகையில் 40 விழுக்காடு 'அ'வின்மேல் இருப்பதால், அது வெல்லும் வாய்ப்பு 40 விழுக்காடு என்று கூட்டம் கருதுகிறது. ஆனால் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கைநட்டம் இல்லாமல் தப்ப, அது 50 விழுக்காடு முறை வென்றாக வேண்டும். 'ஆ'வுக்குக் கூட்டம் தரும் வாய்ப்பு 5 விழுக்காடு, தேவைப்படுவதோ 6.25 விழுக்காடு. எந்தக் குதிரையைத் தேர்ந்தாலும் கூட்டத்தின் மதிப்பீட்டைவிட உண்மையான வாய்ப்பு கால் பங்கு கூடுதலாக இருந்தால்தான் முதல் தேறும்.

எனவே 'எது வெல்லும்?' என்பது பாதிக் கேள்விதான். 'மற்றவர்கள் நினைப்பதைவிட அதிக வாய்ப்பு எதற்கு உள்ளது?' என்பதே முழுக் கேள்வி. வெல்லும் குதிரையைச் சரியாகச் சொல்லியும் நாளடைவில் நட்டமடைவது இப்படித்தான்.

அறிவு அச்சேறியபோது

இந்த முழுக் கேள்விக்கு விடை கண்டவர்கள் வெகு சிலர். அவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஸ்மித். பிட்ஸ்பர்க் நகரில் தக்கை அறுக்கும் வேலை பார்த்த அவர், 'பிட்ஸ்பர்க் ஃபில்' என்ற பெயரில் பந்தய உலகில் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நேரில் கூர்ந்து பார்ப்பது, ஒவ்வொன்றின் பழைய ஓட்டங்களையும் தாமே குறித்து வைப்பது, வென்றாலும் தோற்றாலும் முகத்தில் காட்டாதிருப்பது ஆகியவை அவருடைய வழக்கங்கள். பெரும்பாலோரிடம் இத்தகைய குறிப்பேடு இல்லாத காலம் அது. அதுவே அவருடைய பலம்.

அவர் 1905-இல் காலமானார். சிகாகோவில் 1894-இல் தொடங்கப்பட்ட 'டெய்லி ரேசிங் ஃபார்ம்' என்ற பந்தய நாளிதழ், அதே 1905-இல் குதிரைகளின் பழைய ஓட்ட விவரங்களை அட்டவணையாக அச்சிடத் தொடங்கியது. ஒருவர் இரகசியமாகச் சேர்த்து வைத்த அறிவு, காசு கொடுத்து இதழ் வாங்கும் எவருக்கும் கிடைக்கலாயிற்று.

எழுபது ஆண்டுகள் கழித்து இதே கதை மீண்டும் நடந்தது. ஆண்ட்ரூ பேயர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1975-இல் வெல்லும் குதிரையைத் தேர்வது பற்றியே ஒரு நூல் எழுதினார். ஓடிய நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அன்றைய தரை இறுகி இருந்ததா, ஈரமாகி வேகத்தைக் குறைத்ததா என்று கழித்துக் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான வேகம் தெரியும் என்பது அவர் முறை. இதை எண்ணாக மாற்றித் தாமே கணக்கிட்டுக் கொண்டவர்களுக்கு அது பயன் தந்தது. 1992-இல் அந்த எண்கள் டெய்லி ரேசிங் ஃபார்ம் இதழிலேயே ஒவ்வொரு குதிரையின் பெயரருகே அச்சாயின. எல்லோரும் ஒரே எண்ணைப் பார்த்து ஒரே குதிரையின்மேல் பணம் கட்டியதால், கிடைக்கும் விகிதம் சுருங்கியது. எண் பொய்யாகவில்லை, அதன் விலைதான் குறைந்தது.

கூட்டத்தின் கண்ணும் அதன் குறையும்

அப்படியானால் கூட்டத்தின் மதிப்பீடு எவ்வளவு சரியானது? அமெரிக்க உளவியலாளர் ஆர். எம். கிரிஃபித் 1949-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. பல பந்தயங்களில் கட்டப்பட்ட பணத்தையும் கிடைத்த முடிவுகளையும் ஒப்பிட்டபோது, கூட்டம் மொத்தத்தில் வியக்கத்தக்க அளவு சரியாகவே கணித்திருந்தது. ஒரே ஒரு குறைதான். வாய்ப்பு மிகக் குறைந்த குதிரைகளின்மேல் மக்கள் அளவுக்கு மீறிப் பணம் கட்டினார்கள். வாய்ப்பு மிகுந்த குதிரைகளின்மேல் சற்றுக் குறைவாகவே கட்டினார்கள்.

காரணம் ஊகிக்கக் கடினமானதன்று. பத்து ரூபாய் பன்னிரண்டாவதில் யாருக்கும் கிளர்ச்சி இல்லை. பத்து ரூபாய் ஐந்நூறாகும் என்பது கனவு. இழந்ததை எல்லாம் கடைசிப் பந்தயத்தில் ஒரே அடியாக மீட்க விரும்புபவரும் இத்தகைய குதிரையைத்தான் தேடுவார். ஆனால் ரூபாய்க்கு ரூபாய் கணக்குப் பார்த்தால் அதிக இழப்பு நேரும் இடமும் அதுவே.

ஹாங்காங்கில் நடந்த சோதனை

கணிப்பை முழுக்க முழுக்கக் கணிதமாக மாற்ற முடியும் என்பது ஹாங்காங்கில் நிரூபணமானது. அங்கு ஹேப்பி வேலி, ஷாட்டின் என்ற இரண்டே திடல்களில், ஏறத்தாழ ஒரே குதிரைக் கூட்டம் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஆகவே விவரங்கள் தெளிவாகக் கிடைக்கும். பந்தயத் தொகையோ மிகப் பெரியது. 1980-களின் நடுவில் பில் பென்டர் என்ற அமெரிக்கரும் ஆலன் வூட்ஸ் என்ற ஆஸ்திரேலியரும் அங்கு சென்று கணினி கொண்டு கணிக்கத் தொடங்கினர். பின்னர் இருவரும் தனித்தனியே பிரிந்து பெரும் பணம் ஈட்டினர்.

பென்டர் 1994-இல் தம் முறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எத்தனையோ கூறுகளைச் சேர்த்து அவர் உருவாக்கிய கணக்கு மட்டும் போதவில்லை; கூட்டம் கட்டிய பணத்திலிருந்து கிடைத்த மதிப்பீடும் தேவைப்பட்டது. தம் கணக்கையும் கூட்டத்தின் மதிப்பீட்டையும் இணைத்தபோது அவருடைய கணிப்பு மேலும் துல்லியமானது. பல ஆண்டு உழைப்பும், கணினிகளும், உதவியாளர் குழுவும், இழப்பைத் தாங்கும் பெருமுதலும் கொண்ட ஒருவருக்கே நிலை இதுவென்றால், சனிக்கிழமை மாலை கையில் ரேஸ் புத்தகத்தோடு நிற்பவரின் நிலையை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

கிண்டியும் சட்டமும்

இனி நம் ஊருக்கு வருவோம். கிண்டியில் 1777-ஆம் ஆண்டு முதலே ஆங்கிலேயர் குதிரைப் பந்தயம் நடத்தியதாகக் கூறப்படுகிறது. சென்னை ரேஸ் கிளப் 1896-இல் அமைந்தது. 160 ஏக்கர் அரசு நிலம் 1945-இல் 99 ஆண்டுக் குத்தகையாக அதற்கு வழங்கப்பட்டது. டோட்டும் புக்கிகளும் அங்கு இருந்தன.

சென்னையின் சூதாட்டத் தடைச் சட்டங்கள் குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தன. தெருவில் சீட்டாடினால் சூது. திடலுக்குள் குதிரைமேல் பணம் கட்டினால் சூது அன்று. இந்த விலக்கை நீக்கும் திருத்தம் 1949-இலேயே இயற்றப்பட்டது. ஆனால் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அது நடைமுறைக்கு வரவில்லை. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 1974-இல், குதிரைப் பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1949 திருத்தமும் 1975-இல் நடைமுறைப்படுத்தப்பட்டது. கிளப்பும் அதன் பங்குதாரரான கே. ஆர். இலட்சுமணனும் நீதிமன்றங்களை நாடினர். கிளப்பை அரசே எடுத்துக்கொள்ளும் சட்டம் ஒன்று 1986-இல் வந்தது. அதுவும் வழக்கில் சேர்ந்தது.

உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, குதிரைப் பந்தயத்தின் முடிவு முதன்மையாகத் திறமையைச் சார்ந்தது என்றது. குதிரையின் உடல்நிலை, இயல்பான ஆற்றல், ஜாக்கியின் திறன், சுமக்கும் எடை, ஓடும் தூரம் ஆகியவற்றை அனுபவம் உள்ளவர் எடைபோட முடியும். ஆகவே குலுக்கல் சீட்டைப் போல இது வெறும் தற்செயல் அன்று என்பது வாதம். திறமை மேலோங்கிய ஆட்டத்தில் பணம் கட்டுவது சூதாட்டம் ஆகாது என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் கிளப்பின் பந்தயங்களுக்குப் பொருந்தாது என்றும், 1986-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றும் அறிவித்தது. இணையவழி ரம்மி வழக்குகளில் இன்றும் இத்தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

தீர்ப்பு விடை சொன்ன கேள்வியும் சொல்லாத கேள்வியும்

மேலே கண்ட வரலாற்றோடு ஒப்பிட்டால் தீர்ப்பு தவறு என்று சொல்ல முடியாது. ரவுஸ் முதல் பென்டர் வரை எல்லோரும் காட்டியது கணிப்பு கற்கக்கூடியது என்பதைத்தான். ஆனால் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி 'இந்த ஆட்டத்தில் திறமைக்கு இடம் உண்டா?' என்பது. ஒரு குடும்பத்தின் முன் இருக்கும் கேள்வி 'இந்தத் திறமை நம் வீட்டுக்காரரிடம், மற்ற எல்லோரையும் விஞ்சும் அளவுக்கு, பிடித்தத்தையும் ஈடுகட்டும் அளவுக்கு உண்டா?' என்பது. முதல் கேள்விக்கு 'ஆம்' என்பதால் இரண்டாவதற்கும் 'ஆம்' என்றாகிவிடாது.

மாதிரிக் கணக்கையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். கூட்டத்தின் அளவுக்கே திறமை உள்ள ஒருவர் 1,000 ரூபாயுடன் உள்ளே செல்கிறார். ஒவ்வொரு பந்தயத்திலும் 20 விழுக்காடு பிடித்தம். கையில் உள்ள முழுவதையும் மீண்டும் மீண்டும் கட்டினால், சராசரியாக முதல் பந்தயத்துக்குப் பின் 800 ரூபாய், அடுத்து 640, பிறகு 512 என்று குறைந்து, ஏழு பந்தயங்கள் முடியும்போது சுமார் 210 ரூபாய் மிஞ்சும். அவர் முட்டாள் அல்லர், சராசரி மனிதர். சராசரி மனிதர் தோற்குமாறுதான் கணக்கே அமைந்திருக்கிறது. நடுவில் ஓரிரு முறை வெல்வது இந்தச் சரிவை மறைத்துவிடுகிறது. வென்ற நாள் ஊருக்குத் தெரியும்; தோற்ற நாட்கள் அடகுக் கடைக்குத்தான் தெரியும்.

பிடித்தம் அண்மைக் காலத்தில் இன்னும் கூடியிருக்கிறது. 2023 அக்டோபர் முதல் பந்தயத்தில் கட்டும் முழுத்தொகைக்கும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது, 2025 செப்டம்பரில் இது 40 விழுக்காடாக உயர்ந்தது. கிண்டி நிலத்தின் குத்தகையோ, பல நூறு கோடி ரூபாய் வாடகை பாக்கியைக் காரணமாகக் காட்டி, 2024 செப்டம்பரில் அரசால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்தப் பிணக்கும் நீதிமன்றம் சென்றது.

குதிரையின் வம்சம், எடை, தரை, நேரம் ஆகியவற்றைப் படிப்பது நல்ல அறிவுப் பயிற்சி. புள்ளியியல் கற்பிக்க இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு அரிது. பணம் எதுவும் கட்டாமல் ஒரு பருவம் முழுவதும் தம் கணிப்புகளைக் குறிப்பேட்டில் எழுதி, கிடைத்திருக்கக்கூடிய தொகையையும் எழுதிக் கூட்டிப் பார்க்கும் மாணவர், பாடநூலில் படித்த நிகழ்தகவைக் கண்ணால் காண்பார். அந்தக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கக் கூட்டுத்தொகை, டிப்ஸ் விற்பவர் எவரும் சொல்லாத செய்தியை அவருக்குச் சொல்லிவிடும்.